சமன்பாட்டில் கழிக்கலாம், அசமன்பாட்டில் கழிக்கக் கூடாது

x + y = 10, x − y = 4 என்று இரண்டு சமன்பாடுகள். கூட்டினால் 2x = 14, கழித்தால் 2y = 6. ஆக x = 7, y = 3. இதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை.

இதே இரண்டு வரிகளில் சமக்குறிக்குப் பதிலாக '<' போடுவோம்: x + y < 10, x − y < 4. கை பழக்கத்தில் கூட்டி x < 7 என்றும், கழித்து y < 3 என்றும் எழுதிவிடும். இப்போது x = 0, y = 5 என்று வைத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 5, பத்தைவிடச் சிறியது. வித்தியாசம் −5, நான்கைவிடச் சிறியது. இரண்டு நிபந்தனைகளும் சரியாக நிறைவேறுகின்றன. ஆனால் y-இன் மதிப்பு 5. அது மூன்றைவிடச் சிறியதே அல்ல. அப்படியானால் y < 3 என்ற வரி தப்பு.

x < 7 என்ற வரி சரிதான், ஆனால் போதாது. x = 6, y = 9 என்று வைத்தால் x < 7 நிறைவேறும்; கூட்டுத்தொகை 15 ஆகி முதல் நிபந்தனை உடைந்துவிடும். கூட்டும்போது பாதித் தகவல் தொலைந்துவிட்டது. கழிக்கும்போது இல்லாத தகவல் முளைத்துவிட்டது.

பாடநூல்களில் சமன்பாடுகளுக்கு ஒரு பாடம், அசமன்பாடுகளுக்கு வேறொரு பாடம், இடையில் பல மாதங்கள். அதனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி கண்ணில் படாமலே போய்விடுகிறது: இப்போது எழுதிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முந்தைய வரிகளுக்குத் திரும்பி வர முடியுமா? முடியும் என்றால் தீர்வுகள் அப்படியே இருக்கின்றன. முடியாது என்றால் நிபந்தனை ஏதோ கழன்றுவிட்டது, தீர்வல்லாதவை உள்ளே வந்துவிட்டன. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே கீழே உள்ள எல்லாவற்றையும் பார்ப்போம்.

திரும்பி வரக்கூடிய செயல்கள்

சமன்பாட்டுத் தொகுப்பில் மூன்று செயல்களுக்கு மட்டுமே அனுமதி. வரிகளை இடம் மாற்றலாம். ஒரு வரி முழுவதையும் பூச்சியமல்லாத எண்ணால் பெருக்கலாம். ஒரு வரியோடு இன்னொரு வரியின் மடங்கைக் கூட்டலாம். அப்போது அந்த இன்னொரு வரி மாறாமல் அப்படியே இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் அடிக்கடி மீறப்படுகிறது. x + y = 5, x − y = 1 என்ற தொகுப்பை எடுங்கள். முதல் வரிக்குப் பதிலாக 'முதல் − இரண்டாம்' என்றும், அதே நேரத்தில் இரண்டாம் வரிக்குப் பதிலாக 'இரண்டாம் − முதல்' என்றும் எழுதினால் கிடைப்பது 2y = 4, −2y = −4. இரண்டும் ஒரே வரி. x எங்கே போயிற்று? பழைய வரிகள் இரண்டையும் ஒருசேர அழித்ததால் ஒரு முழுச் சமன்பாடு காணாமல் போய்விட்டது. இதை 'எண்ணற்ற தீர்வுகள்' என்று விடை எழுதினால் தப்பு; உண்மையான தீர்வு x = 3, y = 2 ஒன்றுதான். இரண்டு மாறிகளில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். மூன்று, நான்கு வரிகள் கொண்ட அணியில், வேகமாக எழுதும்போது, இது சர்வ சாதாரணமாக நடக்கும். ஒரு படியில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள்.

எந்த முறை, எப்போது

ஏதாவது ஒரு கெழு 1 அல்லது −1 ஆக இருந்தால் பிரதியிடல் முறை. இல்லாவிட்டால் நீக்கல் முறை. இதற்கு மேல் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. குறுக்குப் பெருக்கல் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் சிரமத்துக்கு நீக்கல் முறையில் இரண்டு கணக்கே போட்டுவிடலாம். வரைபட முறை தீர்வு எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பார்க்க அருமையானது. ஆனால் விடை 2.3-ஆ அல்லது 7/3-ஆ என்று வரைபடத்தாள் சொல்லாது.

பிரதியிடலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2x − y = 7, 4x − 3y = 15. முதல் வரியிலிருந்து y = 2x − 7. இதை *இரண்டாம்* வரியில் இட வேண்டும்; முதல் வரியிலேயே இட்டால் 7 = 7 என்று வந்து நிற்கும். இடும்போது அடைப்புக்குறி கட்டாயம்: 4x − 3(2x − 7) = 15. விரித்தால் 4x − 6x + 21 = 15, ஆகவே −2x = −6, x = 3, y = −1. அடைப்புக்குறியை மனத்துக்குள் விரித்து −6x − 21 என்று எழுதியவருக்கு −2x = 36, x = −18 வரும். பிரதியிடலில் வரும் தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒற்றைக் குறிதான். குறை எண்ணால் பெருக்கும் இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் தாள் ஒன்றும் தீர்ந்துவிடாது.

நீக்கல் முறைக்கு: 3x + 4y = 10, 5x − 6y = 4. y-இன் கெழுக்கள் 4, −6. பலரும் முதல் வரியை 6-ஆலும் இரண்டாவதை 4-ஆலும் பெருக்குவார்கள். 4, 6 இரண்டின் மீ.சி.ம. 12 என்பதால் 3-ஆலும் 2-ஆலும் பெருக்கினாலே போதும்: 9x + 12y = 30, 10x − 12y = 8. கூட்டினால் 19x = 38, x = 2. முதல் வரியில் இட்டால் 6 + 4y = 10, y = 1. இங்கே x-ஐ நீக்காமல் y-ஐ நீக்கியதற்குக் காரணம் உண்டு: y-இன் கெழுக்கள் எதிரெதிர்க் குறியில் இருப்பதால் கூட்டினாலே போதும், கழிக்க வேண்டியதில்லை.

இரு கெழுக்களுக்கும் ஒரே குறி இருந்தால்? 7x − 3y = 23, 2x − 5y = 19 என்பதைப் பாருங்கள். முதலாவதை 5-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்கிக் கழிப்பது வழக்கம். கழிக்கும்போது −15y − (−15y) என்ற இடத்தில் −30y என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவதை −3-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 35x − 15y = 115, −6x + 15y = −57. கூட்டினால் 29x = 58, x = 2. இரண்டாம் வரியில் இட்டால் 4 − 5y = 19, y = −3. கழித்தல் என்ற செயலையே ஒழித்துவிட்டு எப்போதும் 'பெருக்கு, கூட்டு' என்று பழகிக்கொள்வது நல்லது. அசமன்பாடுகளுக்குப் போகும்போது இந்தப் பழக்கம் பெரிதும் கைகொடுக்கும்.

பெருக்கும்போது வலப்பக்கத்தைப் பெருக்க மறப்பது இன்னொரு நிரந்தரத் தவறு. சரிபார்க்க விடையை எந்த வரியில் இடுவது என்பதும் முக்கியம். y-ஐ முதல் வரியிலிருந்து கண்டுபிடித்தீர்கள் என்றால், அதே முதல் வரியில் இட்டுச் சரிபார்ப்பதால் பயனில்லை. x தப்பாக இருந்தாலும் அது பொருந்திவிடும். மூல வடிவில் இருக்கும் இரண்டாம் வரியில்தான் இட வேண்டும்.

மாறிகள் இரண்டும் மறைந்துபோனால்

2x − 6y = 8, 3x − 9y = 12. முதலாவதை 3-ஆலும் இரண்டாவதை −2-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 0 = 0. இதைப் பார்த்து x = 0, y = 0 என்று எழுதுபவர்கள் உண்டு; முதல் வரியில் இட்டால் 0 = 8 ஆகிறது, நிற்காது. 0 = 0 என்பதன் பொருள், இரண்டாம் வரி புதிதாக எதையும் சொல்லவில்லை என்பதுதான். இரண்டும் x − 3y = 4 என்ற ஒரே கோடு. y-க்கு எந்த மதிப்பு வேண்டுமானாலும் தரலாம், ஆனால் x அப்போது 4 + 3y ஆகத்தான் இருக்க வேண்டும். 'எண்ணற்ற தீர்வுகள்' என்றால் 'எதுவும் தீர்வு' என்று அர்த்தமில்லை. (1, 1) இதற்குத் தீர்வு அல்ல. விடையை (4 + 3t, t) என்று எழுதினால்தான் அது முழு விடை.

வலப்பக்கத்தில் 12-க்குப் பதில் 15 இருந்தால் 24 − 30 வந்து 0 = −6 ஆகும். எந்த x, y போட்டாலும் இது உண்மையாகாது. கோடுகள் இணை, தீர்வு இல்லை. 0 = −6 என்ற வரியை ஒரு தோல்வியாகப் பார்க்காதீர்கள். கொடுத்த வரிகளை முறைப்படி பெருக்கிக் கூட்டியே ஒரு முரண்பாட்டை வரவழைத்திருக்கிறோம்; தீர்வு இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம்.

கெழுவில் ஓர் எழுத்து இருக்கும் கணக்குகளில் இது இன்னும் நுட்பமாகும். kx + 2y = 4, 8x + ky = k + 4. அணிக்கோவை, அதாவது கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்தது, k × k − 2 × 8 = k² − 16. அது பூச்சியமில்லை என்றால் x = (2k − 8)/(k² − 16), y = (k² + 4k − 32)/(k² − 16). இரண்டிலும் மேலும் கீழும் (k − 4) பொதுவாக இருக்கிறது; சுருக்கினால் x = 2/(k + 4), y = (k + 8)/(k + 4). அழகாகச் சுருங்கியது என்று மகிழ்ந்து k = 4-ஐ இதில் இட்டால் x = 1/4, y = 3/2 வரும். மூலத்தில் இட்டுப் பார்த்தாலும் பொருந்தும்! ஆனால் k = 4 ஆகும்போது தொகுப்பு 4x + 2y = 4, 8x + 4y = 8; இரண்டும் ஒரே கோடு, தீர்வுகள் எண்ணற்றவை. (1/4, 3/2) அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். (k − 4)-ஐச் சுருக்கிய கணத்தில் அது பூச்சியமில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம். k = −4 எனில் −4x + 2y = 4, 8x − 4y = 0; முதலாவதை 2-ஆல் பெருக்கிக் கூட்டினால் 0 = 8, தீர்வே இல்லை. ஆகவே அணிக்கோவையைப் பூச்சியமாக்கும் ஒவ்வொரு மதிப்பையும் தனியாக எடுத்து, மூலச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

மூன்று மாறிகள்

மாறிகள் மூன்றானால் கணக்கு கடினமாவதில்லை, நீளமாகிறது. ஒழுங்கு குலைந்தால் சுற்றிச் சுற்றி வருவோம். முதல் இரண்டு வரிகளிலிருந்து z-ஐ நீக்கி, அடுத்த இரண்டிலிருந்து y-ஐ நீக்கினால் கையில் இருப்பது வெவ்வேறு மாறிகள் கொண்ட இரண்டு வரிகள், ஒன்றுக்கொன்று உதவாது. ஒரே மாறியை இரண்டு வெவ்வேறு சோடிகளிலிருந்து நீக்க வேண்டும்.

இதற்கு 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீன நூலின் எட்டாம் அத்தியாயக் கணக்கு ஒன்றே போதும். லியூ ஹுய் 263-இல் உரை எழுதிய நூல் அது. மூலம் அதைவிடப் பழையது. மூன்று தரத் தானியக் கட்டுகள். ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு எவ்வளவு தானியம் தரும் என்பது கேள்வி. இன்றைய எழுத்தில்:

(1) 3x + 2y + z = 39
(2) 2x + 3y + z = 34
(3) x + 2y + 3z = 26

(2)-ஐ 3-ஆல் பெருக்கி, (1)-இன் இரு மடங்கை நீக்குங்கள்: 5y + z = 24. (3)-ஐ 3-ஆல் பெருக்கி, (1)-ஐ ஒருமுறை நீக்குங்கள்: 4y + 8z = 39. இரண்டிலும் x போய்விட்டது, (1) தொடப்படாமல் இருக்கிறது. இப்போது பின்னதை 5-ஆல் பெருக்கி, முன்னதின் நான்கு மடங்கை நீக்கினால் 36z = 99. z = 11/4. மேலே ஏறினால் 5y = 24 − 11/4 = 85/4, y = 17/4. இன்னும் மேலே ஏறினால் 3x = 39 − 34/4 − 11/4 = 111/4, x = 37/4.

பின்னம் கடைசிப் படியில்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் படியிலேயே 3-ஆல் வகுத்து x + 2y/3 + z/3 = 13 என்று தொடங்கியிருந்தால் எல்லா வரியிலும் பின்னம் தொங்கும். நூலிலும் வகுக்காமல் பெருக்கித்தான் நீக்குகிறார்கள்; குறை எண்கள் வந்தால் கையாளும் விதிகளையும் அதே அத்தியாயம் தருகிறது. இன்று நாம் காஸியன் நீக்கல் முறை என்று அழைப்பதன் உருவம் இதில் முழுமையாக இருக்கிறது.

கிராமர் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. காப்ரியல் கிராமர் 1750-இல் வெளியிட்ட, அணிக்கோவைகளின் விகிதமாக விடை தரும் இந்த விதி இரண்டு மாறிகளுக்கு வசதியானது, மூன்றுக்குப் பரவாயில்லை. பத்து மாறிகள் என்றால், அணிக்கோவையை விரித்து எழுதும் வழியில் ஒவ்வொன்றிலும் 36,28,800 உறுப்புகள். அப்படி 11 அணிக்கோவைகள் வேண்டும். நீக்கல் முறையிலோ மொத்தமே 430 பெருக்கல், வகுத்தல்களில் வேலை முடிகிறது. கிராமர் விதி கோட்பாட்டுக்கு அவசியம், கணக்கிடுவதற்கு அல்ல.

எண்கள் தசமமாக இருந்தால்

விடையை மூலத்தில் இட்டுச் சரிபார்த்தால் போதும் என்று மேலே சொன்னது துல்லியமான எண்களுக்கு. அளந்து பெற்ற எண்களில் அது ஏமாற்றும். x + y = 2, x + 1.001y = 2.001 எனில் தீர்வு (1, 1). வலப்பக்கம் 2.001-க்குப் பதில் 2.002 என்றால் தீர்வு (0, 2). ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்துக்கு விடை முற்றிலும் வேறாகிவிட்டது. (0, 2)-ஐப் பழைய தொகுப்பில் இட்டுப் பார்த்தால் பிழை வெறும் 0.001, பொருந்துவதுபோலவே தோன்றும். கோடுகள் கிட்டத்தட்ட இணையாக இருப்பதால் வந்த வினை இது. முறையை மாற்றினால் தீராது, கணக்கே அப்படிப்பட்டது. இன்னும் துல்லியமாக அளப்பதைத் தவிர வழியில்லை.

வேறொரு வகையும் உண்டு, அது முறையின் குற்றம். 0.0001x + y = 1, x + y = 2 என்பதை மூன்று முக்கிய இலக்கங்களுக்கு மட்டும் இடமுள்ள கணிப்பானில் போடுவதாக வைப்போம். முதல் வரியை 10,000-ஆல் பெருக்கி x-ஐ நீக்கினால் −9999y = −9998; முழுமையாக்கினால் −10000y = −10000, y = 1. மேலே ஏறினால் 0.0001x = 0, x = 0. உண்மையான x ஏறத்தாழ 1.0001! இரண்டு வரிகளையும் இடம் மாற்றி, x-இன் கெழு பெரிதாக உள்ள வரியைக் கொண்டு நீக்கினால் x = 1, y = 1 என்று சரியாக வரும். கணினி நிரல்கள் ஒவ்வொரு படியிலும் நீக்கப்போகும் மாறியின் மிகப் பெரிய கெழுவைத் தேடி வரி மாற்றுவது இதற்காகத்தான்.

அசமன்பாடுகள்

இனி '<' குறியின் பக்கம் வருவோம். மிகை எண்ணால் பெருக்கலாம். குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும். குறி தெரியாத மாறியால் பெருக்கவே கூடாது. ஒரே திசையில் உள்ள இரண்டைக் கூட்டலாம். கழிப்பது என்பது −1-ஆல் பெருக்கிக் கூட்டுவது; −1-ஆல் பெருக்கியதும் குறி எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. ஒன்று '<', இன்னொன்று '>' என்று நிற்கும்போது கூட்ட எதுவும் இல்லை. தொடக்கத்தில் y < 3 பொய்யானது இதனால்தான்.

அனுமதிக்கப்பட்ட கூட்டலும் திரும்பி வர முடியாத செயல் என்பதை மறக்கக் கூடாது. அதன் விளைவைப் பாருங்கள். 1 ≤ x + y ≤ 3, −1 ≤ x − y ≤ 1 எனில் 3x + y எந்த எல்லைக்குள் இருக்கும்? வழக்கமான விடை: இரண்டையும் கூட்டி 0 ≤ 2x ≤ 4, ஆக 0 ≤ x ≤ 2. இரண்டாவதை −1-ஆல் பெருக்கிக் கூட்டி 0 ≤ y ≤ 2. ஆகவே 0 ≤ 3x + y ≤ 8. ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் எல்லைகள் 0, 8 இரண்டும் எட்ட முடியாதவை. 0 வர வேண்டுமானால் x = y = 0 ஆக வேண்டும், அப்போது x + y ≥ 1 உடைகிறது. சரியான வழி, 3x + y-ஐக் கொடுத்த கோவைகளாலேயே எழுதுவது: 3x + y = 2(x + y) + (x − y). முதலாவது 2 முதல் 6 வரை, இரண்டாவது −1 முதல் 1 வரை; ஆக 1 ≤ 3x + y ≤ 7. (0, 1) என்ற புள்ளியில் 1-ம், (2, 1) என்ற புள்ளியில் 7-ம் உண்மையிலேயே கிடைக்கின்றன. x, y தனித்தனியாக எல்லை பெற்ற கணத்தில் அவற்றுக்கு இடையே இருந்த உறவு அறுந்துபோனதே முதல் வழியின் குறை.

தளத்தில் வரையும்போது: கோட்டைச் சமன்பாடாக வரைந்து, '≤' எனில் முழுக்கோடு, '<' எனில் புள்ளிக்கோடு. எந்தப் பக்கம் நிழலிடுவது என்பதற்கு 'சிறியது என்றால் கீழே' என்ற குறுக்குவழியை நம்ப வேண்டாம். 3x − 2y < 6-இல் குறி சிறியதுதான், ஆனால் y-ஐத் தனியாக்கினால் y > (3x − 6)/2, நிழல் மேலே விழுகிறது. ஆதிப்புள்ளியை இட்டுப் பாருங்கள்: 0 < 6 உண்மை, ஆதிப்புள்ளி உள்ள பக்கமே விடை. கோடு ஆதிப்புள்ளி வழியாகவே சென்றால், உதாரணமாக 2x − y < 0, வேறு புள்ளி வேண்டும்: (1, 0)-இல் 2 < 0 பொய், ஆகவே எதிர்ப்பக்கம். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: முழுக்கோடும் புள்ளிக்கோடும் வெட்டும் மூலைப்புள்ளி தீர்வில் சேராது.

வரையாமல் மாறியை நீக்க வழி இல்லையா என்றால், உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஃபூரியே கையாண்டு, 1936-இல் மோட்ஸ்கின் மறுபடி எடுத்துக்கொண்ட முறை. y-ஐ எல்லா வரிகளிலும் தனியாக்கி, மேல் எல்லைகள், கீழ் எல்லைகள் என்று பிரியுங்கள். பிறகு *ஒவ்வொரு* கீழ் எல்லையும் *ஒவ்வொரு* மேல் எல்லையையும்விட மிஞ்சக் கூடாது என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக y ≤ 10 − 2x, y ≤ x + 3 மேல் எல்லைகள். y ≥ x − 2, y ≥ 4 − x கீழ் எல்லைகள். நான்கு சோடிகள்: x − 2 ≤ 10 − 2x தருவது x ≤ 4. x − 2 ≤ x + 3 எப்போதும் உண்மை. 4 − x ≤ 10 − 2x தருவது x ≤ 6. 4 − x ≤ x + 3 தருவது x ≥ 1/2. ஆக 1/2 ≤ x ≤ 4. இந்த இடைவெளியில் எந்த x எடுத்தாலும் பொருத்தமான y நிச்சயம் உண்டு: x = 1 எனில் y 3 முதல் 4 வரை, x = 4 எனில் y = 2 மட்டும். ஒரு சோடியை விட்டுவிட்டாலும் இந்த உறுதி போய்விடலாம். அதனாலேயே பெரிய தொகுப்புகளுக்கு இது தாங்காது: பத்து மேல், பத்து கீழ் என்றால் ஒரு மாறியை நீக்கியதும் 100 வரிகள், அவையும் பாதிப்பாதியாகப் பிரிந்தால் அடுத்த நீக்கலில் 2500.

மூலைகளும் உச்ச மதிப்பும்

x + 2y ≤ 8, 3x + y ≤ 9, x ≥ 0, y ≥ 0. இந்த நிபந்தனைகளுக்குள் 2x + 3y-இன் உச்ச மதிப்பு என்ன? நேரியல் கோவைக்கு உச்சம் இருந்தால் அது ஏதோ ஒரு மூலையில் கிடைக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் எது மூலை? நான்கு கோடுகளில் ஆறு வெட்டும் புள்ளிகள்: (0, 0), (0, 4), (0, 9), (8, 0), (3, 0), (2, 3). இவற்றில் (0, 9) முதல் நிபந்தனையை உடைக்கிறது, (8, 0) இரண்டாவதை உடைக்கிறது. மீதி நான்குதான் மூலைகள். ஆறையும் இட்டுப் பார்த்து (0, 9)-இல் 27 என்று விடை எழுதுவது இந்தப் பாடத்தின் மிகப் பிரபலமான தவறு. ஒவ்வொரு வெட்டும் புள்ளியையும் *எல்லா* நிபந்தனைகளிலும் இட்டு வடிகட்டிய பிறகே மதிப்பு காண வேண்டும். வடிகட்டியபின் மதிப்புகள் 0, 12, 6, 13. உச்சம் (2, 3)-இல் 13.

மூலைகளை எண்ணிப் பார்க்காமலே 13-தான் உச்சம் என்று நிறுவ முடியும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. முதல் நிபந்தனையை a மடங்கும் இரண்டாவதை b மடங்கும் எடுத்துக் கூட்டி, இடப்பக்கம் சரியாக 2x + 3y வரும்படி செய்வோம். x-இன் கெழு: a + 3b = 2. y-இன் கெழு: 2a + b = 3. மறுபடியும் ஒருங்கமை சமன்பாடுகள்! தீர்த்தால் a = 7/5, b = 1/5. இரண்டும் மிகை எண்கள் என்பதால் குறி திரும்பாமல் கூட்டலாம்: 2x + 3y ≤ 8 × 7/5 + 9 × 1/5 = 56/5 + 9/5 = 13. நிபந்தனைகளுக்கு உட்பட்ட எந்தப் புள்ளியும் 13-ஐத் தாண்ட முடியாது. (2, 3) அதைத் தொட்டுவிடுகிறது.

இதே சோதனையை (0, 4)-இல் செய்து பாருங்கள். அங்கே சமமாக நிற்பவை x + 2y ≤ 8, −x ≤ 0 இரண்டும். a மடங்கு, b மடங்கு எடுத்தால் 2a = 3, a − b = 2; ஆக a = 3/2, b = −1/2. b குறை எண். −x ≤ 0-ஐக் குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடும், கூட்ட முடியாது. ஆகவே 12-தான் உச்சம் என்று இந்த மூலை நிறுவ முடியவில்லை. எந்த நிபந்தனையின் மடங்கு குறை எண்ணாக வந்ததோ அதை விட்டு விலகினால் மதிப்பு கூடும். இங்கே அது x ≥ 0. y-அச்சை விட்டு விலகி x + 2y = 8 என்ற கோட்டின் மேலேயே நகர்ந்தால், x ஒன்று கூடும்போது y அரை குறையும், 2x + 3y-இன் மதிப்பு 2 − 3/2, அதாவது அரை கூடும். x = 2 வரை நகரலாம்; அங்கே 3x + y ≤ 9 தடுக்கிறது. 12 + 1 = 13. டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்பிளக்ஸ் முறை ஒவ்வொரு படியிலும் செய்வது இந்த ஒரு நகர்வைத்தான்.